தொண்ணூற்றேழரை

சென்னையில் குளிர் என்றால் ஊட்டிக்காரன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். மார்கழி பிறக்கும் முன்பே வந்து நிற்கிற புயலில், மூன்று நாள் விடாத மழையில், மாடம்பாக்கம் ஏரிப் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் அறை ஒன்றில் அவனைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். கையில் இரண்டு கிலோகூடத் தேறாத பச்சைக் குழந்தை ஒன்றையும் கொடுக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் அவன் சிரிப்பை.

அந்த அறை மொட்டை மாடியில் இருந்தது. கீழே பெயின்ட் கடை. புயல் என்று கடைக்காரர் இரண்டு நாளாய்ப் பூட்டு போட்டுவிட்டார். மேலே வீட்டுக்காரர் நாலு சுவர் எழுப்பி, ஷீட்டை இறக்கி, மூலையில் ஒரு கழிவறையைச் செருகி, அதற்கு வீடு என்று பெயர் வைத்து வாடகைக்கு விட்டிருந்தார். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. கோடையில் அனல் அந்த வழியாகத்தான் வெளியே போகும் என்று பெருமையாகச் சொல்வார். இப்போது அந்த வழியாக ஏரிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. சுவர் ஊறிப் போயிருந்தது. பாய், தலையணை, கொடியில் கிடந்த குழந்தைத் துணி எல்லாம் நமத்த அப்பளமாய்க் கிடந்தன.

"எவ்ளோ காட்டுது?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

"தொண்ணூத்தாறு எட்டு அண்ணி."

"காத்தால?"

"காலைல தொண்ணூத்தேழு நாலு. கரன்ட் போனதுக்கு அப்புறம்தான் இறங்கிட்டே இருக்கு."

சொன்னவள் அஞ்சலி, செல்லியம்மாளுடைய தம்பி ஹேமநாத்தின் பெண்டாட்டி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் நைட்டிக்குள், வெறும் மார்போடு மாராக, ஒரு பழைய வேட்டியால் கட்டப்பட்டு இருந்தது. குல்லாய் போட்ட தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஏழு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்ட பெண். மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, போன வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. பாப்பாதான்.

அனுப்பும்போது சிஸ்டர் தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து, பாடம் நடத்துவதுபோல் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தாள். தொண்ணூற்றேழரைக்குக் கீழே விடக் கூடாது. இறங்கினால் தோலோடு தோலாக வைத்துக்கொள்ள வேண்டும், அம்மாவோ அப்பாவோ வீட்டில் யாரோ. தொண்ணூற்றைந்துக்குப் போனால் எதையும் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். அன்று முதல் அந்த வீட்டில் மணி பார்ப்பது குறைந்து தெர்மாமீட்டர் பார்ப்பதுதான் அதிகமாயிற்று.

நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைத் தாழ்வாகத் தொங்கவிட்டு அதன் சூட்டில் ஒரு வாரம் ஓட்டினார்கள். விடியற்காலையில் கரன்ட் போனதும் பல்பும் செத்தது. வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். எட்டு மணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு பொக்கென்று அணைந்தது. சிலிண்டர் காலி. இந்த மழையில் எவன் சிலிண்டர் கொண்டுவருவான்?

"தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கே பூடலாமா?" என்றாள் செல்லியம்மாள்.

"ஆட்டோவே இல்ல அண்ணி. கேம்ப் ரோடு முழுக்கத் தண்ணின்னு அவர் போன்ல சொன்னாரு. இந்தக் காத்துல இவளை வெளியே எடுத்தா என்ன ஆகுறது? இப்படியே வெச்சிருந்தா ஏறும்னு சிஸ்டர் சொன்னாங்கல்ல."

"சிஸ்டருக்கு இன்னா, ஏசி ரூம்ல குந்திகினு சொல்லும். கொயந்தைக்குத் துணி போடாம அம்மணமா வெச்சிகினா சூடு ஏறுமா? எங்கனா கீதா இந்த நாயம்?"

அஞ்சலி வயிற்றில் தையல் போட்ட இடத்தைக் கையால் தாங்கிக்கொண்டு ஒரு பக்கமாய் நகர்ந்தாள். விடிந்ததிலிருந்து இதே உட்காரல். அவளுக்குத் தாய் இல்லை. அப்பா வேறு குடும்பம் வைத்துக்கொண்டு அரக்கோணத்தில் இருக்கிறார். ஆக, பிள்ளைப்பேறு பார்க்க வந்தவள் இந்த நாத்தனார்தான்.

செல்லியம்மாளுக்குக் கானத்தூர்ப் பக்கம் கடலோரக் குப்பம். கட்டியவன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. இருபது வருஷமாய் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் அருகே மீன் விற்கிறாள். விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்து, தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தால் மதியம் வரை ஐஸுக்குள்தான் கை. அந்தக் கை இப்போதெல்லாம் வீட்டில் இருந்தாலும் சூடாவதில்லை. விரல் நுனி வெளுத்து, மரத்துப்போய் இருக்கும்.

பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஆசை தாங்காமல் அதன் கன்னத்தைத் தொட்டாள். குழந்தைக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "ஐயோ அண்ணி, உங்க கை ஐஸா இருக்கு. தொடாதீங்க ப்ளீஸ்" என்று கத்திவிட்டாள் அஞ்சலி. பெற்றவளின் பயத்தில் வந்த கத்தல்தான், வேறொன்றுமில்லை. ஆனாலும் அது செல்லியம்மாளுக்குள் முள்ளாய்த் தங்கிவிட்டது. அன்றிலிருந்து துணி துவைத்தாள், பத்தியச் சமையல் செய்தாள், பாட்டில் கொதிக்க வைத்தாள். குழந்தையைத் தூக்கச் சொன்னால் மட்டும், மீன் வாடை அடிக்கும் என்று சொல்லி நழுவினாள். புயல் எச்சரிக்கை வந்து நாலு நாளாய்ப் படகே இறங்கவில்லை, அவள் மீனைத் தொடவும் இல்லை. இருந்தாலும் அதே சாக்கு.

மேலேயிருந்து காற்று ஒரு வீச்சு வீசியது. குல்லாயின் குஞ்சம் ஆடியது. செல்லியம்மாள் அண்ணாந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் அடுக்கி வைத்திருந்த தன் காலிப் பெட்டிகளைப் பார்த்தாள்.

"அட முண்டமே" என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள். "ஐஸ ரெண்டு நாளு கரையாம வெக்கிற பொட்டி. வெளிய சூட்ட உள்ள வுடாத சாமானு, உள்ள சூட்ட வெளிய வுடுமா?"

மீன் அரியும் கத்தியால் பெட்டிகளை அறுத்தாள். ஆறு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து பலகை. வெள்ளை உருண்டைகள் அறை முழுக்கப் பறந்து புடவையில் ஒட்டின. அஞ்சலி மூக்கைச் சுளித்தாள். எத்தனை கழுவினாலும் அந்தப் பெட்டியிலிருந்து சங்கரா மீன் வாடை போகாது. செல்லியம்மாள் ஸ்டூல் மேல் ஏறி, சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே பலகையைத் திணித்தாள். பெட்டி மூடியை ஒட்டும் பிரவுன் டேப்பை எடுத்து, விளிம்பு விளிம்பாக இழுத்து ஒட்டினாள். இதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. டேப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அந்த வழியாய் ஐஸ் தண்ணீராகிப் போய்விடும், சரக்கு கெட்டுவிடும். அதனால் சுருக்கமே விழாமல் ஒட்டிப் பழகிய கை. நாலு சுவரும் முடிந்தது. ஜன்னலை முழுப் பலகையால் அடைத்தாள். கழிவறைக் கதவின் இடுக்கையும் விடவில்லை.

முடித்தபோது அறை இருண்டு, காற்றின் ஊளை எங்கோ தூரத்தில் கேட்டது. எமர்ஜென்சி லைட் மங்கலாய் எரிந்தது. அரைமணி கழித்து அஞ்சலி தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தொண்ணூத்தேழு ஒண்ணு அண்ணி! ஏறுது."

"பின்ன? மீன்காரி மூள இன்னான்னு நெனச்ச?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. செல்லியம்மாளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்த மிதப்புதான் பின்னால் வந்ததற்கெல்லாம் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதினொரு மணிக்கு ஹேமநாத் போன் செய்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் நைட் ஷிப்ட் போனவன், திரும்பி வரக் கம்பெனி பஸ் எடுக்காததால் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஜிஎஸ்டி ரோட்ல தண்ணி நிக்குதாம். சாயங்காலம்தான் வண்டி எடுப்பாங்களாம். பாப்பா எப்டி கீது?"

"ஏறிகினு கீது. நான் கீறேன்ல, நீ இன்னாத்துக்குப் பேஜார் பண்ணிக்கற?"

"அஞ்சலியால முடியலன்னா நீ வெச்சிக்கக்கா. சிஸ்டரு யாருனா வெச்சிக்கலாம்னுதான் சொல்லிச்சு."

"நானா? என் ஒடம்பே ஐஸ் ஒடம்பு. போடா டேய், வேலயப் பாரு."

போனில் சார்ஜ் அத்தோடு முடிந்தது. அஞ்சலியின் போன் காலையிலேயே அணைந்திருந்தது.

மதியத்துக்கு மேல் நிலைமை மாறியது. அஞ்சலிக்கு உட்காரவே முடியவில்லை. பால் கசிந்து நைட்டி நனைந்து, அந்த ஈரமே குழந்தைக்குக் குளிரானது. வேறு நைட்டி காயவில்லை. ஒரு புடவையைச் சுற்றிக்கொண்டாள். தையல் இடத்தில் விண்விண்ணென்று தெறிக்க, கண்ணீர் விட்டாள். தெர்மாமீட்டர் மறுபடி தொண்ணூற்றாறு ஒன்பது காட்டியது.

"நீ படு. கொயந்தையத் துணியில சுத்திப் பக்கத்துல போடு. நான் சூட்டுக்கு வயி பண்றேன்" என்று சொல்லிவிட்டு, இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள் செல்லியம்மாள்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் தேவானந்தம் தன் இஸ்திரி வண்டியை நிறுத்தியிருந்தான். மழையில் வியாபாரம் ஏது? ஆனாலும் கல்யாண வீட்டுத் துணி ஒரு மூட்டை இருந்தது, நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். வண்டியைப் படிக்கட்டு ஓரத்துக்கு இழுத்து, மேலே பிளாஸ்டிக் கட்டி, சாரல் தெறிக்கத் தெறிக்க நின்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

"தேவா, ஒரு சட்டி கரி குடுப்பா. நல்லா பயுத்ததா குடு, பொகை வரக் கூடாது. கொயந்தைக்கு."

"எடுத்துக்கோ செல்லிக்கா. எப்டி கீது கொயந்த?"

"ஏறி ஏறி எறங்குது. நீ இன்னா இப்டி நனஞ்சிகினு நிக்கற? வூட்டுக்குள்ள வெச்சித் தேய்க்க வேண்டியதுதான?"

"ஐயே, அத்தக் கேக்காத. போன மயைக்கு உள்ள வெச்சித் தேய்ச்சேன். தல பின்னிடுச்சிக்கா. வாந்தி வேற. என் பொண்டாட்டி, குடிச்சிட்டு வந்தியான்றா." சிரித்துக்கொண்டே இடுக்கியால் கங்குகளை அள்ளிச் சட்டியில் போட்டான்.

செல்லியம்மாள் காதில் அது விழுந்தது. விழுந்ததோடு சரி. அவள் கண் சட்டியில் இருந்தது. சாம்பல் பூத்த கங்கு, புகை ஒரு இழைகூட இல்லை. முகத்தில் அடித்த சூட்டுக்கே அவளுக்கு உயிர் வந்தது.

அவள் குப்பத்தில் பிள்ளை பெற்ற வீடென்றால் கணப்புச் சட்டி இல்லாமல் இருக்காது. கட்டிலுக்கு அடியில் முப்பது நாள் கங்கு கனிந்துகொண்டே இருக்கும். அவளே எத்தனையோ வீட்டுக்குக் கரி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதெல்லாம் கீற்றுக் கொட்டகை, நாலு பக்கமும் ஓட்டை, கடல் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும் என்பது அப்போது அவள் புத்தியில் உறைக்கவில்லை.

"அண்ணி, உள்ளே நெருப்பா? புகை ஆகாதா?" என்றாள் அஞ்சலி, படுத்தபடியே.

"எங்க பொகை? நல்லாப் பாரு. ஒரு பொட்டு பொகை கீதா?"

அஞ்சலி பார்த்தாள். இல்லை. மறுத்துச் சொல்ல அவளிடம் தெம்பும் இல்லை. செல்லியம்மாள் சட்டியைத் தெர்மாக்கோலில் படாமல், நடுத்தரையில் செங்கல் மேல் வைத்தாள். அதில் அவள் ஜாக்கிரதைதான். அப்புறம் கதவைச் சாத்தி, அடியில் ஈரச்சாக்கைச் சுருட்டித் திணித்தாள்.

அறை கதகதவென்று ஆயிற்று. சுவரின் ஈரம்கூட வற்றுவதுபோல் இருந்தது. குழந்தையை மூன்று துணியில் சுற்றிப் போட்டிருந்தார்கள். மூன்று மணிக்குத் தெர்மாமீட்டர் கூவியதும் செல்லியம்மாள் லைட்டில் பிடித்துப் பார்த்தாள். தொண்ணூற்றேழு ஆறு.

"பாத்தியா? தொண்ணூத்தேயர தாண்டிடுச்சி!"

"ம்ம்" என்றாள் அஞ்சலி கண்ணைத் திறக்காமல். "தலை வலிக்குது அண்ணி."

"தூக்கமில்ல. தூங்கு."

செல்லியம்மாளுக்கும் நெற்றிப்பொட்டு கனத்தது. காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை, அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். நான்கு மணி வாக்கில் அஞ்சலி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. கால் பின்னியது. செல்லியம்மாள் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

"ஒரு மாதிரி இருக்கு."

"பச்ச ஒடம்பு. வெறும் வயிறு. கஞ்சித் தண்ணி கீது, சுட வெச்சித் தரேன்."

சுட வைக்கக் கங்கு போதவில்லை, சாம்பலாகிக்கொண்டிருந்தது. செல்லியம்மாள் இன்னும் கொஞ்சம் கங்கு வாங்கி வர ஒரு அலுமினியக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, சாக்கை விலக்கி வெளியே வந்து, பழக்கத்தில் கதவைத் திரும்ப இறுக்கிச் சாத்தினாள். படியில் இறங்கக் கால் தடுமாறியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றாள். சாரல் முகத்தில் அடித்தது. நாலு மூச்சு இழுத்தாள். என்னவோ தலையிலிருந்து ஒரு கூடையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

கீழே தேவானந்தம் இன்னும் நனைந்துகொண்டே தேய்த்துக்கொண்டிருந்தான். பாதி முதுகு தொப்பலாய் இருந்தது. பக்கத்திலேயே, படிக்கட்டுக்கு அடியில், காய்ந்த இடம் காலியாகக் கிடந்தது.

"ஏம்பா, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக்கயேன். முதுகு நனையுது பாரு."

"தள்ளினா அங்க காத்து வராதுக்கா. கரி வேலைக்குக் காத்து வேணும். அதான் அப்பவே சொன்னேனே, தலவலி, வாந்தின்னு…"

அவன் முடிக்கவில்லை. கிண்ணம் அவள் கையிலிருந்து விழுந்து, தரையில் உருண்டு தண்ணீருக்குள் போயிற்று.

"தேவா! மேல ஓடியா! ஓடியா!"

அந்தப் படியில் அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு இடத்தில் விழுந்தாள். கதவைத் தள்ளினாள். உள்ளே எல்லாம் அவள் விட்டுப்போன மாதிரியே அமைதியாக, வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. அஞ்சலி வாயோரம் எச்சில் வழியக் கிடந்தாள். கூப்பிட்டால் கண் செருகியது. துணிச் சுருட்டலுக்குள் பாப்பா அசையவில்லை.

செல்லியம்மாள் சட்டியை வெறுங்கையால் தூக்கினாள். சுட்டது தெரிந்தது, விடவில்லை. மாடியிலிருந்து அதை மழைக்குள் வீசினாள். அப்புறம் ஜன்னல் பலகையை முஷ்டியால் குத்தினாள். அவள் ஒட்டிய டேப், லேசில் விடுமா? நகம் பிய்ந்தது. "வுடுடி, வுடுடி" என்று அதைத் திட்டிக்கொண்டே கிழித்தாள். தேவானந்தம் ஸ்டூல் மேல் ஏறி மேல் பலகைகளைத் தடியால் இடித்துத் தள்ளினான். ஏரிக்காற்று ஒரே மூச்சில் உள்ளே வந்து விழுந்தது. காலையிலிருந்து அவள் வைதுகொண்டிருந்த அதே காற்று.

இருவருமாக அஞ்சலியைக் கதவோரம் இழுத்துவந்து, தலையை வெளிப்பக்கம் வைத்துப் படுக்க வைத்தார்கள். தேவானந்தம் தன் போனில் நூத்தெட்டை அழைத்தான். "வராங்களாம்க்கா. தண்ணி நிக்குதாம், சுத்திகினு வரணுமாம். முக்கா மணி ஆவும்ன்றாங்க" என்றான். "கொயந்த?"

செல்லியம்மாள் குழந்தையை வாசலுக்கு எடுத்துவந்திருந்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். இல்லை. இன்னொரு முறை. "எம்மா, எந்தாயி, கத்தும்மா" என்றாள். மூன்றாவது சுண்டலுக்கு அது முகத்தைச் சுருக்கி, பூனைக்குட்டிக் குரலில் ஒரு சத்தம் போட்டது.

ஆனால் காற்று அடங்கவில்லை. கரி இல்லை, கேஸ் இல்லை, கரன்ட் இல்லை. அடைத்து வைக்கவும் முடியாது, திறந்து வைக்கவும் முடியாது என்றால் என்ன செய்வது? அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் தொண்ணூற்றைந்து எட்டு காட்டியது. சிஸ்டர் சொன்ன எல்லைக்கு எட்டுப் புள்ளிதான் பாக்கி. உதடு ஒரு மாதிரி வெளுத்திருந்தது. தாயோ சுயநினைவில்லாமல் கிடக்கிறாள். தகப்பன் ஜிஎஸ்டி ரோட்டில் எங்கேயோ நிற்கிறான்.

யாருனா வெச்சிக்கலாம் என்று தம்பி சொன்னது ஞாபகம் வந்தது.

"தேவா, திரும்பி நில்லு."

அவன் திரும்பி நின்றான். நனைந்த புடவையையும் ரவிக்கையையும் அவிழ்த்துப் போட்டாள். ஓடிவந்தபோது கையோடு கொண்டுவந்து உள்ளே போட்டிருந்த கல்யாண வீட்டுத் துணி ஒன்றை அவன் பார்க்காமலேயே பின்னால் நீட்டினான். இன்னும் சூடு ஆறாத, தேய்த்த பட்டு வேட்டி. அதனால் மார்பையும் கழுத்தையும் துடைத்தாள். தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. கை மரத்துப்போனவளுக்குத் தன் சூடு எங்கே தெரியும்? ஐஸ் பொட்டியில் கொயந்தைய வெக்கிறேனோ என்று பயந்தாள். பயந்துகொண்டேதான் குழந்தையின் துணிகளை அவிழ்த்தாள். கை படாமல் முழங்கையால் அணைத்து, அதை மார்புக்கு நடுவே ஒட்ட வைத்தாள்.

பாப்பாவுக்கு உடம்பு தூக்கிப் போடவில்லை. தவளைக்குட்டி மாதிரி காலை மடக்கிக்கொண்டு, கன்னத்தை அவள் நெஞ்சில் சாய்த்தது. அது ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, குழந்தை ஜில்லென்று தெரிகிறதென்றால் தான் சூடாக இருக்கிறோம் என்று. நாற்பத்தெட்டு வயதில் அந்த உடம்பு எதற்காவது பிரயோஜனப்பட்டதே என்று அவளுக்கு அழுகை பொங்கியது. அழுதால் மார்பு குலுங்கும், குழந்தை குலுங்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

பட்டு வேட்டியால் சேர்த்துக் கட்டி, மேலே கம்பளியைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மழை முதுகில் அடித்தது. தேவானந்தம் பிளாஸ்டிக் ஷீட்டை அவிழ்த்துவந்து அவளுக்குப் பின்னால் பிடித்தபடி நின்றான். கீழே வண்டியில் கல்யாணத் துணி நனைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அஞ்சலி முனகினாள், புரண்டாள், ஒரு தடவை வாந்தி எடுத்தாள்.

"பாப்பா" என்றாள் குழறலாக.

"கீது. எங்கிட்ட கீது. மூச்சு வுடுது. நீ நல்லா மூச்சு இயுத்து வுடு."

தொண்ணூற்றைந்து ஒன்பது. தொண்ணூற்றாறு மூன்று. நடுவில் ஒரு தடவை தொண்ணூற்றாறு இரண்டுக்கு இறங்கி அவளைக் கொன்றது. சுட்ட உள்ளங்கை இப்போதுதான் எரிய ஆரம்பித்தது. அதை மழையில் நீட்டிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த பெண் ஒருத்தி, பையோடு படியேறி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். பச்ச ஒடம்பு, சாப்புடல, மயக்கம்…" என்று தேவானந்தம் ஆரம்பித்தான். செல்லியம்மாளைக் காப்பாற்றுகிறானாம்.

"கம்னு இரு தேவா" என்றாள் செல்லியம்மாள். "நான் சொல்றேன்மா. ரூம ஐஸ் பொட்டி மாரி நான்தான் அடைச்சேன். அதுக்குள்ள கரிச் சட்டியும் நான்தான் வெச்சேன். இவுங்க ரெண்டு பேரும் ரெண்டு மணி நேரம் உள்ள இருந்தாங்க. இன்னா எழுதணுமோ அப்டியே எழுதிக்கோ."

அந்தப் பெண் ஒரு வினாடி அவளைப் பார்த்தாள். திட்ட நேரமில்லை. அஞ்சலிக்கு மாஸ்க்கை மாட்டிவிட்டு, குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். கம்பளியை விலக்கிப் பார்த்தவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். எடுக்காதீங்க. இப்படியே இருக்கட்டும். இப்படியே வண்டில ஏறுங்க. கரி வாயு ஏறியிருக்கும், அம்மாவுக்கும் குழந்தைக்கும் ரத்தம் பாக்கணும்."

வண்டிக்குள் அஞ்சலியைப் படுக்க வைத்தார்கள். செல்லியம்மாள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். ஆக்சிஜன் குழாய் ஒன்றைக் குழந்தையின் மூக்கருகே அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தது. சேலையூர்த் திருப்பத்தில் அஞ்சலி கண்ணை முழுசாகத் திறந்தாள்.

செல்லியம்மாள் காத்திருந்தாள். இனிமே எங்க வூட்டுப் படி ஏறாத என்று சொல்லப்போகிறாள். சொல்ல வேண்டியதுதான், சொன்னால் நியாயம்தான். தம்பியிடம் என்ன சொல்வது என்றுகூட அவள் நினைத்து முடித்துவிட்டாள். அஞ்சலியின் பார்வை அவள் முகத்துக்கு வந்தது. கம்பளிக்கு வெளியே தெரிந்த சின்னக் குல்லாய்க்குப் போனது. அந்தக் குல்லாயை மேலாகத் தடவிக்கொண்டிருந்த, நகம் பிய்ந்த, வெளுத்த கைக்கு வந்து நின்றது.

அஞ்சலி மாஸ்க்கை விலக்கினாள்.

"அண்ணி."

"ம்."

"கை மட்டும் அவ மேல படாம பாத்துக்கங்க. ஜில்லுனு இருக்கும்."

சொல்லிவிட்டு மாஸ்க்கைத் தானே மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தையைக் கேட்கவில்லை.

செல்லியம்மாள் இரண்டு கையையும் எடுத்துத் தன் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். தெர்மாமீட்டர் கூவியது. "தொண்ணூத்தேழு அஞ்சு" என்று அந்தப் பெண் படித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறக்கும்வரை செல்லியம்மாள் அசையவில்லை.